சுறாப்பால்

"மறுகா?"

"மறுகா தண்ணி கழுத்துக்கு வந்திற்று."

"கழுத்துக்கா, நெஞ்சுக்கா? நேத்து நெஞ்சுக்கெண்டாய்."

"முதல் நெஞ்சுக்கு. மறுகா கழுத்துக்கு."

"ம். மறுகா?"

"கஜுமரம் கையில பட்டிச்சு. புடிச்சன்."

"எந்தக் கையால?"

"வலது கையால."

"வலது கையில ஆர் இருந்த?"

"தக்சி."

"இடதில?"

"நிரோசன்."

"ஏன், இடது கையால புடிச்சா மரம் வேணாமெண்டு சொல்லுமா?"

"எனக்கு வலதுதானேக்கா பெலன்."

ரூபவதி சட்டையின் ஊக்கைக் கழற்றினாள். "செரி. தா."

மேனுகா பிள்ளையை நீட்டினாள். பிறந்து நாற்பது நாளாகாத பிள்ளை. அழுது களைத்து, சத்தமில்லாமல் வாயை மட்டும் திறந்து மூடிக்கொண்டிருந்தான். பெரியம்மாவின் காம்பு உதட்டில் பட்டதும் முழு உடம்பாலும் கவ்வினான். கால்விரல்கள் விரிந்து பிறகு மடங்கின. அவன் தொண்டையில் பால் இறங்கும் சத்தத்தைக் கேட்டபடி மேனுகா, முகாமாகிவிட்ட பள்ளிக்கூடத்தின் வகுப்பறைச் சுவரில் சாய்ந்திருந்தாள். அவளுடைய சட்டை காய்ந்து கிடந்தது.

இது ஒரு நாளைக்கு ஏழு தரம் நடந்தது. ஒவ்வொரு தரமும் தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டும். இடையில் ஒன்றை விட்டால் ரூபவதி ஊக்கைத் திரும்பப் பூட்டிவிடுவாள். பிள்ளையின் வாய் காற்றைத் தேடும். விட்ட இடத்தைச் சொன்ன பிறகுதான் ஊக்கு கழலும். இதையெல்லாம் அவள் மெதுவாக, தாலாட்டுப் போன்ற குரலில் கேட்டாள். அதே வகுப்பறையில் பாய் விரித்திருந்த மற்றப் பெண்களுக்கு, அக்காளும் தங்கச்சியும் தலையோடு தலை வைத்துப் பிள்ளையைக் கொஞ்சுவது போலத்தான் தெரிந்தது. "சொந்தப் பிள்ளையக் கடலுக்குக் குடுத்திற்றுத் தங்கச்சிட பிள்ளைக்குப் பால் குடுக்கிறாளே, அந்த மனசு ஆருக்கு வரும்?" என்றார்கள்.

சகோதரிகள் இருவருக்கும் வாகரையில் பக்கத்துப் பக்கத்து வளவு. தாய் தகப்பன் இல்லை. ரூபவதியின் புருசன் சவூதியில் சாரதி. கடல் ஊருக்குள் வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை, பூரணை. நிரோசன் பிறந்து இருபத்தோராம் நாள். துடக்குக் கழியாததால் மேனுகா அறையை விட்டு வெளியே வராமல் இருந்தாள். ரூபவதி தன் ஐந்து மாதப் பிள்ளை தக்சிகாவைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டுச் சேனைக்குக் கத்தரிக்காய் ஆயப் போனாள். பிள்ளை பசித்து அழுதால் நீயே குடு என்றுதான் சொல்லிப் போனாள். சேனை உள்ளே, காட்டோரம் இருந்தது. கடல் அங்கே வரவில்லை.

தக்சிகா கிடைக்கவில்லை. உடுப்பும் கிடைக்கவில்லை. சவூதியில் இருந்தவன் செய்தி கேட்டு இரண்டு தரம் போன் எடுத்தான். மூன்றாம் தரம் எடுக்கவில்லை.

அலைக்குப் பிறகு மேனுகாவின் பால் நின்றுவிட்டது. கிணற்றுக்கு மூடி போட்டது போல ஒரே நாளில். முகாமுக்கு லொறியில் பால்மா டின்கள் வந்தன, ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்தில் பெயர் போட்டு. போத்தலை உப்பேறிய கிணற்றுத் தண்ணீரில் கழுவினார்கள். மூன்று நாளில் நிரோசனுக்கு வயிற்றோட்டம் பிடித்து உச்சிக்குழி பள்ளமாகிவிட்டது. அடுத்த வகுப்பில் ஒரு பிள்ளை அதே வயிற்றோட்டத்தில் போனது. மருத்துவமாது றஸீனா வந்து டின்னைப் பறித்து வெளியே எறிந்தாள். சுற்றிப் பார்த்தாள். மூலையில் ரூபவதி நனைந்த சட்டையோடு சுவரைப் பார்த்துக் கிடந்தாள்.

"இவட நெஞ்சு கட்டிக் கல்லாக் கிடக்கு. அவன் பசியில சாகிறான். என்னத்துக்கு ரெண்டு பேரும் ரெண்டு மூலையில கிடக்கிற?" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் ரூபவதியின் மடியில் போட்டாள்.

ரூபவதி கொடுத்தாள். முதல் நாள் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் நாள், பிள்ளை வாயைத் திறந்துகொண்டிருக்கும்போது, "எப்பிடிப் போனவள்?" என்று கேட்டாள்.

மேனுகா புருசனிடம் சொல்லிப் பார்த்தாள். றஜீவன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். அந்த வலையை எங்கே வீசுவதென்று அவனுக்கே தெரியாது. "பால் தாறாதானே புள்ள. வாயால ரெண்டு சொல்லு சொல்றதுக்கு உனக்கென்ன குறையுது?" என்றான்.

ஒவ்வொரு தரமும் சொல்லும்போது ஏதாவது ஒன்று கூடியது. கஜுமரத்தின் பட்டை. பட்டையில் ஓடிய எறும்பு. விரலைத் திறந்தபோது தக்சிகாவின் வயிறு விரலில் வழுக்கிப் போன விதம். இவையெல்லாம் உண்மையில் நடந்தவையா, அக்கா கேட்டுக் கேட்டு உண்டானவையா என்று மேனுகாவுக்கே பிடிபடவில்லை. தூக்கத்தில் அவளுடைய வலது கை தானாகத் திறந்து மூடியது.

"வெறும் முலையெண்டாலும் வாயில வை," என்றாள் றஸீனா, மறு கிழமை வந்தபோது. "சப்பச் சப்பத்தான் ஊறும். நல்லாச் சாப்பிடு. எங்கட ஊரில பிள்ளப்பெத்தவக்குப் பால்சுறா வறுத்துக் குடுப்பம். உங்கடயும் அதானே..."

சொல்லி முடிக்கு முன் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வகுப்பறையில் இருந்த எல்லாப் பெண்களும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த மாதங்களில் அந்தக் கரையில் ஒருவரும் மீன் தின்னவில்லை. பிறந்த நாளிலிருந்து மீன் இல்லாமல் சோற்றில் கை வைக்காத மனிதர்கள் பருப்பையும் பூசணிக்காயையும் விழுங்கினார்கள். ஆற்று மீன்கூட வேண்டாம் என்றார்கள். ஆறும் அன்று கடலாகத்தானே கிடந்தது? நிவாரணத்தில் வந்த டின் மீனை மட்டும் தின்றார்கள். "டின்னுக்குள்ள இரிக்கிற மீனுக்கு எங்கட ஆக்களத் தெரியாது" என்று ஒரு கிழவர் சொல்ல, எல்லோரும் சிரித்து, சிரித்ததற்காகப் பிறகு அழுதார்கள். சுறா என்ற சொல்லை ஒருவரும் வாயால் சொல்லவில்லை.

"எனக்கொரு பால்சுறா வேணும்," என்று மேனுகா றஜீவனிடம் சொன்னாள்.

"உனக்கு விசரா?"

"விசர்தான். இன்னும் ஒரு மாசம் அந்தக் கதையச் சொன்னா முழு விசர்."

பெப்ரவரியில் ஒரு நாள் காலை இருவரும் வீடிருந்த இடத்தைப் பார்த்து வருகிறோம் என்று சொல்லிச் சைக்கிளில் போனார்கள். றஜீவன் இரவல் தோணியில் போய்த் தூண்டில் போட்டு, முழங்கை நீளத்தில் ஒன்றைக் கொண்டுவந்தான். மண்ணில் போட்டுவிட்டுத் தள்ளிப் போய் நின்றான்.

"வயித்தக் கீறித் தாங்க."

"நான் மாட்டன். நீ கேட்ட, நீ கீறு."

அவள் கீறினாள். குடலை எடுத்து விரலால் பிதுக்கினாள். இரண்டு சின்ன றால், பாதி கரைந்த கணவாய், பச்சையாக ஒரு நூல் பாசி. கடைசி முனை வரை விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள்.

"என்னத்தத் தேடுற?" என்றான் றஜீவன்.

அவள் குடலை மண்ணுக்குள் தள்ளி மூடினாள். அவித்துத் தோலை உரித்தாள். சதையைப் பிழிந்து உதிர்த்து, தேங்காய்ப்பூவும் மஞ்சளும் பச்சைமிளகாயும் போட்டு வறுத்தாள். வீட்டில் மிஞ்சியிருந்தது ஒரு சீமெந்துப் படி மட்டுந்தான். அதில் இருந்து முழுவதையும் தின்றாள். முதல் பிடி இறங்க மறுத்தது. இரண்டாவது பிடியிலிருந்து வாய்க்கு ருசி பிடித்துவிட்டது. அதை நினைத்துத்தான் பிறகு அவள் அதிகம் வெட்கப்பட்டாள். றஜீவன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இப்படி மூன்று தரம் போனார்கள்.

முதல் சுறா தின்ற பன்னிரண்டாம் நாள், அரிசிக்கு வரிசையில் நிற்கும்போது யாரோ ஒருத்தியின் பிள்ளை அழுதது. மேனுகாவின் நெஞ்சுக்குள் ஊசிகள் ஓடின. சட்டையில் இரண்டு வட்டங்கள் நனைந்தன. வரிசையை விட்டு ஓடிப் போய் நிரோசனைத் தூக்கினாள். பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் இருந்து பிள்ளைக்குக் கொடுத்தாள். அவன் முதலில் தலையைத் திருப்பினான், முகத்தைச் சுளித்தான். பிறகு குடித்தான். மகன் தன்னைக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு அவள், இனி வாய் திறக்கத் தேவையில்லை, இனி ஒருக்காலும் அந்த மரத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை என்று திரும்பத் திரும்ப நினைத்தாள்.

அன்று பின்னேரம் ரூபவதி பிள்ளையை மடியில் வாங்கி, கொடுக்கத் தொடங்கி, பாதியில் குனிந்து அவன் வாயை மணந்தாள். பிறகு மேனுகாவின் கையை இழுத்து விரல்களை மணந்தாள்.

"என்ன திண்ட?"

"சோறு."

"சோத்தோட?"

மேனுகா கையை உருவப் பார்த்தாள்.

"எவ்வளவு பெரிசு?"

"முழங்கை நீளம்."

"எங்க புடிச்ச?"

"நம்மட துறையில."

ரூபவதி கொஞ்ச நேரம் பிள்ளையின் தலையைத் தடவினாள். "வயித்துக்க பாத்தியா?"

"பாத்தனக்கா. ஒண்டுமில்ல. சத்தியமா ஒண்டுமில்ல. றால்தான் கிடந்த."

"பாத்தாய்," என்றாள் ரூபவதி. "அப்ப உனக்கும் தெரியும்."

சுட்டுவிரலைப் பிள்ளையின் கடைவாயில் விட்டு அவனைப் பிடுங்கி எடுத்தாள். சீலைத் தலைப்பில் உப்பைத் தொட்டு அவன் நாக்கையும் பல் முளைக்காத முரசையும் தேய்த்தாள். மேனுகா பறிக்கப் பறிக்கத் தேய்த்தாள். உதடு வெடித்து இரத்தம் வந்த பிறகு விட்டாள். "இந்த வாய் இனி என்னில படக் கூடாது" என்று முழு வகுப்பறைக்கும் கேட்கச் சொன்னாள். அன்றுதான் அந்தக் குரலை மற்றவர்கள் கேட்டார்கள்.

அதற்குப் பிறகு முகாமில் மேனுகாவின் பெயர் சுறாப்பால். அவள் தொட்ட கிணற்று வாளியைக் கழுவித்தான் மற்றவர்கள் தொட்டார்கள். "சுறாப்பால் வாறா, பிள்ளையள உள்ளுக்கு எடுங்க" என்று சிரித்தார்கள். கடலில் போன பிள்ளை கிடைக்காத தாய்மார் சிரிக்கவில்லை. அவர்கள் அவளுடைய வயிற்றைப் பார்த்தார்கள்.

ரூபவதியின் நெஞ்சு கட்டிக் காய்ச்சல் வந்தது. பெண்கள் கோயிலடியில் மல்லிகைப்பூ ஆய்ந்து வந்து, பால் வற்ற அவளுடைய மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார்கள். ஐந்து நாள் அப்படியே கிடந்தாள். அந்த வகுப்பறை கலியாண வீடு போல மணத்தது. மேனுகா கொத்தமல்லித் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதை வாங்கிக் குடித்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

ஆறாம் நாள் எழுந்து முகம் கழுவி, தலை சீவிக்கொண்டு, பால் குடித்துக்கொண்டிருந்த நிரோசனுக்கு முன்னால் வந்து இருந்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவள் சிரித்ததை மேனுகா அலைக்குப் பிறகு முதல் தரம் பார்த்தாள்.

"தக்சிய அது திண்ட. அத நீ திண்ட. உன்ன இவன் குடிக்கிறான்," என்று விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். "இப்ப அவள் எங்க இரிக்கிறாள், நீயே சொல்லு பாப்பம்."

"அக்கா, இது என்ன கதை..."

"கதையில்லடி. நல்லாக் குடிக்கட்டும். ஒரு சொட்டும் சிந்தாம முழுசாக் குடிக்கட்டும்."

இதைக் கேட்டு மேனுகா சிரித்திருக்கலாம். றஜீவன் சிரித்தான். ஆனால் சில வேளைகளில், மத்தியான வெயிலில் ஏணைக்குப் பக்கத்தில் அரைத் தூக்கத்தில் பால் கொடுக்கும்போது, ஒரு முலையில் இரண்டு வாய்கள் இருப்பது போல அவளுக்குத் தெரிந்தது. ஒன்று மெதுவாக, மற்றது அவசரமாக. கண்ணைத் திறந்தால் ஒரு பிள்ளைதான் இருந்தான்.

பிறகு தறப்பாள் கொட்டில்கள் வந்தன. தகர வீடுகள் வந்தன. மீன் தின்னத் தொடங்கினார்கள். வாளியைக் கழுவியவர்களே மேனுகாவின் வீட்டில் வந்து மீன் ஆணம் கேட்டு வாங்கிப் போனார்கள். ரூபவதி மட்டும் தின்னவில்லை. நிரோசனுக்குப் பல் முளைத்தது, நடந்தான், பேசினான். குடித்துக்கொண்டே இருந்தான். நிறுத்தலாமென்று மேனுகா வாயெடுத்தாலே அக்கா வேலிக் கடப்பைத் திறந்துகொண்டு வருவாள். "இன்னும் கொஞ்சநாள் குடிக்கட்டும். அவள் இன்னும் முழுசா வரல்ல."

இரண்டாயிரத்தாறு முடியும்போது சண்டை திரும்ப மூண்டு வாகரைக்குச் செல் குண்டு அடிக்கத் தொடங்கினார்கள். பங்கருக்குள் பசிக்கும் பால், பயத்துக்கும் பால். நாலு சொல்லுச் சேர்த்துப் பேசும் பிள்ளை சத்தம் போடாமலிருக்க அதுதான் வழி. சனம் காட்டுக்குள்ளால் நடந்தபோது மூன்று நாள் அவனுக்கு வேறு சாப்பாடு இருக்கவில்லை. மேனுகா நடந்துகொண்டே கொடுத்தாள். பின்னால் நடந்த ரூபவதி, தனக்குக் கிடைத்த பிஸ்கட்டைப் பிரிக்காமல் தங்கச்சியின் வாயில் திணித்தாள். "தின்னு. அவளுக்குப் பால் வேணும்."

மட்டக்களப்பில், ஆற்றங்கரையில் ஒரு முகாம். வாகரையில் சண்டை முடிந்ததென்று ரேடியோவில் சொன்னபோது மேனுகாவுக்கு வயிற்றில் நாலு மாதம். எலும்பில் தோல் போட்டது போல இருந்தாள். பிள்ளைத்தாச்சியின் பால் மூத்த பிள்ளைக்கு ஆகாது, இரண்டும் கெடும், உடனே நிறுத்து என்று எல்லோரும் சொன்னார்கள். அவளாலும் இனி முடியவில்லை. வேப்பெண்ணெய் பூசினாள். நிரோசன் ஒரு தரம் துப்பிவிட்டு, தாயின் சீலைத் தலைப்பால் காம்பைத் துடைத்து, "இப்ப செரி" என்று சொல்லிக் குடித்தான். பக்கத்துக் கொட்டில் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இது எண்ணெய்க்கு மறக்கிற பிள்ளையில்லகா. மூண்டு நாளைக்கு ஆரிட்டயும் குடுத்து வை. தாய்ட மணம் படாம இருந்தாத்தான் பால் மறக்கும்."

எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்வார்கள். தாயின் சகோதரியிடம்தான் விடுவார்கள்.

"அக்காட விடு. வேற ஆர் இரிக்கா?" என்றான் றஜீவன்.

ரூபவதியின் கொட்டில் முகாமின் மறு கோடியில், தண்ணீர் ஓரம் இருந்தது. மேனுகா பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கவே பத்து நிமிடம் எடுத்தாள். ரூபவதி ஒன்றும் மறுக்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. அதற்குத்தான் மேனுகா கூடுதலாகப் பயந்தாள்.

"இனிப் பால் வேணாம்," என்றாள் அக்கா. "அவள் வந்திற்றாள். மூண்டு நாளைக்கு நீ இந்தப் பக்கம் காலெடுத்து வைக்காத. மணம் பட்டாக் கெட்டிரும்."

முதல் நாள் முழுவதும் அவன் அழுத சத்தம் முகாமின் இந்தக் கோடி வரை கேட்டது. "அம்மா, பால்" என்று சொல் சொல்லாகக் கேட்டது. மேனுகா காதைப் பொத்தினாலும் நெஞ்சு கேட்டது, சட்டை நனைந்தது. கொட்டிலுக்குப் பின்னால் போய் மணலில் பீச்சிவிட்டாள். மணல் உடனே குடித்தது. இரண்டாம் நாள் அழுகை விட்டு விட்டு வந்தது. மூன்றாம் நாள் வரவில்லை. பால் மறந்துவிட்டான் என்று பக்கத்துக் கொட்டில் பெண் சந்தோசப்பட்டாள். மேனுகா அந்தத் திசையிலேயே காதை வைத்துக்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள் விடிந்ததும் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

ரூபவதி கொட்டில் வாசலில் இருந்து பிள்ளைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். சித்தாண்டி முருகனுக்கு மொட்டை போடுவதாக நேர்ந்து, சண்டையால் போக முடியாமல், இரண்டு வருடமாக வெட்டாத முடி. அதை நடு வகிடெடுத்து இரண்டாகப் பிரித்துச் சிவப்பு ரிபனால் கட்டியிருந்தாள். நிவாரண உடுப்பில் வந்த பூப்போட்ட சட்டை முழங்காலுக்குக் கீழே தொங்கியது. முகத்தில் பவுடர், கன்னத்தில் பொட்டு. அவன் அசையாமல், ஒரு கையில் பிஸ்கட்டோடு, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மெலிந்திருந்தான்.

"தக்சி," என்றாள் ரூபவதி. "ஆர் வந்திரிக்கா பார்."

பிள்ளை திரும்பினான். அந்தப் பெயருக்குத் திரும்பினான். மேனுகாவைப் பார்த்தான்.

"சின்னம்மா," என்றான்.

மேனுகா முழங்காலில் விழுந்து இரண்டு கையையும் நீட்டினாள். அவன் ஒரு அடி வைத்தான். மூக்கைச் சுருக்கினான். வேப்பெண்ணெய் மணம் அவளில் இன்னும் இருந்தது. திரும்பிப் போய் ரூபவதியின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். மேனுகாவின் சட்டை நெஞ்சிலிருந்து இடுப்பு வரை நனைந்தது.

"பால் மறந்திற்று," என்றாள் ரூபவதி, ரிபனை இழுத்து நேராக்கியபடி. "நல்ல பிள்ளை. எல்லாம் மறந்திற்று."

"நிரோசன்," என்று மேனுகா கூப்பிட்டாள். "மனே. நிரோசன்."

மடியில் கிடந்த தலை அசையவில்லை.

"அக்கா," என்றாள். "நீ கூப்பிட்டாத் திரும்புவான். அவன்ட பேரச் சொல்லி ஒருக்காக் கூப்பிடுக்கா."